மூன்றாம் ஆண்டோடு நின்ற கல்வெட்டுகள்

கடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் மலேசியத் தமிழருக்கு நினைவில் எழுபவன் ராஜேந்திர சோழன். நெகிரி செம்பிலானின் தென்கோடியில், மலாக்கா எல்லையை ஒட்டிக் கிடக்கும் தம்பின் வட்டாரத் தோட்டங்களிலும் அப்படித்தான். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே வளர்ந்தவர்களும் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அந்த ராஜேந்திரனின் பேரன் ஒருவன், கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையில் தனியாகச் சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் இருந்து, 1070இல் மறைந்துபோன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவன் பெயர் அதிராஜேந்திரன். ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலயன் தொடங்கி வைத்து, தந்தைவழியில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நீண்ட சோழர் மரபு அவனோடு முடிந்தது. அடுத்து வந்தவன் வேங்கிச் சாளுக்கிய மரபில் பிறந்த குலோத்துங்கன். அவன் சோழர் வீட்டுப் பெண் வயிற்றுப் பேரன்.

அதிராஜேந்திரன் எப்படி இறந்தான்? மக்கள் கிளர்ச்சியில் மாண்டான் என்றது ஒரு வடமொழிக் காவியம். குலோத்துங்கனின் கை அதில் இருந்தது என்று ஐயுற்றனர் சிலர். ராமானுஜரைத் துன்புறுத்திய பாவம் சூழ்ந்தது என்று சொல்லத் தோதாக ஒரு வைணவ மரபுக் கதையும் உண்டு. நோயில் விழுந்து இறந்தான் என்றார் ஒரு தமிழறிஞர். சோழர் அவைப் புலவரோ அப்படி ஒருவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளில் சேர்ந்த விடைகள் இவை. ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே வலுவிழக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கல்லில் நிற்பவை

முதலில், சர்ச்சைக்கு இடமில்லாதவை. அதிராஜேந்திரனின் தந்தை வீரராஜேந்திரன் 1063 வாக்கில் பட்டமேறினான். அவனுடைய தமையன்மாரில் ராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேலிருந்தபடியே உயிர்விட்டவன். இரண்டாம் ராஜேந்திரன் அதே களத்தில் முடிசூடிப் போரை வென்றவன். மேலைச் சாளுக்கியரோடு தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தப் போரில், கூடல்சங்கமத்தில் தான் பெற்ற வெற்றியை வீரராஜேந்திரன் தன் மெய்க்கீர்த்தியில் விரிவாகப் பாட வைத்தான்.

தந்தை உயிரோடிருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அன்று முதலே அவனுக்கு ஆட்சியாண்டு எண்ணுவது சோழர் வழக்கம். அதன்படி அதிராஜேந்திரனின் ஆண்டுக் கணக்கு 1067-68இல் தொடங்குகிறது. அவனுடைய கல்வெட்டுகள் மூன்றாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. வீரராஜேந்திரன் 1070இன் தொடக்கத்தில் இறந்தான் என்று கொள்கிறார்கள். குலோத்துங்கன் பட்டமேறிய நாளைக் கல்வெட்டுகளின் வானியல் குறிப்புகளைக் கொண்டு கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் 1070 ஜூன் 9 என்று கணித்தார். ஆகவே மூன்று ஆண்டு ஆட்சி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தந்தையின் நிழலில் கழிந்தது. தனியாட்சி, நீட்டிச் சொன்னாலும் அரையாண்டைத் தாண்டாது.

அந்தக் குறுகிய காலத்துக் கற்கள் சொல்லும் செய்திகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்துக் கோயிலில் அவனுடைய மூன்றாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலின் வரவு செலவை அரசு அதிகாரிகள் விசாரித்துத் திட்டம் செய்த விவரத்தை அது சொல்கிறது. இலங்கையில் பொலன்னறுவையில், இன்று இரண்டாம் சிவ தேவாலயம் எனப்படும் வானவன்மாதேவி ஈச்சரத்தின் சுவரிலும் அவன் பெயர் சிதைந்த எழுத்துகளில் நிற்கிறது. அந்தக் கோயில் முழுக்க முழுக்கச் சோழர் பாணியில் கல்லால் கட்டியது. தொண்டை மண்டலத்திலிருந்து இலங்கை வரை ஓலை போயிருக்கிறது, கணக்கர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், கல்தச்சர்கள் அவன் பெயரை வெட்டியிருக்கிறார்கள். நாடு நொறுங்கிக் கிடந்த காலத்தின் ஆவணங்களாக இவை தோன்றவில்லை.

ஆனால் அதே 1070இல்தான் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டான். அந்தச் சிதைந்த கல்வெட்டு, இலங்கையில் சோழர் கை ஓங்கியிருந்த கடைசிக் காலத்துச் சாட்சிகளில் ஒன்று.

காசுமீரத்துப் புலவரின் சாட்சி

கிளர்ச்சியில் இறந்தான் என்ற விடை பில்கணரின் விக்கிரமாங்கதேவ சரிதத்திலிருந்து வருகிறது. காசுமீரத்தில் பிறந்து, கல்யாணபுரத்து மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப் புலவரானவர் பில்கணர். இந்தக் காவியத்தின் சுவடியை ஜெர்மானிய அறிஞர் கியோர்க் பியூலர் ஜெய்சல்மேரில் கண்டெடுத்து, 1875இல் பம்பாயில் பதிப்பித்தார். அதற்குப் பின்தான் அதிராஜேந்திரனின் முடிவு வரலாற்று ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வியாகவே எழுந்தது.

காவியம் சொல்லும் கதை இது. வீரராஜேந்திரன் தன் மகளை விக்கிரமாதித்தனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். மாமனார் இறந்ததையும் சோழ நாடு கலங்கிக் கிடப்பதையும் கேள்விப்பட்ட மருமகன் படையோடு காஞ்சிக்கு வந்து தீயவர்களை அடக்கினான். பிறகு கங்கைகொண்ட சோழபுரம் சென்று மைத்துனனை அரியணையில் இருத்தினான். ஒரு மாதம் அங்கே தங்கித் துங்கபத்திரைக் கரைக்குத் திரும்பினான். திரும்பிய சில நாட்களிலேயே, புதிதாக எழுந்த கலகத்தில் மைத்துனன் உயிரிழந்தான் என்றும், வேங்கியின் தலைவன் ராஜிகன் அரியணையைக் கைப்பற்றினான் என்றும் செய்தி வந்தது. ராஜிகன் என்பது குலோத்துங்கன். அவனுடைய இளமைப் பெயரும் ராஜேந்திரன்தான்.

இதன் வலிமை வெளிப்படை. சம்பவங்களின் வரிசையைத் தருவது இந்த ஒரே நூல்தான். குலோத்துங்கனின் பட்டமேற்பு நாளோடும் அது முரண்படவில்லை.

பலவீனமும் அதே அளவு வெளிப்படை. நிகழ்ச்சிக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து, தன் புரவலனைப் போற்ற எழுதிய காவியம் இது. அந்தப் புரவலன் 1076இல் தன் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனை விலக்கி அரியணை ஏறியவன். அண்ணனும் ராஜிகனும் கூட்டுச் சேர்ந்ததால்தான் போர் மூண்டது என்று காட்ட வேண்டிய தேவை புலவருக்கு இருந்தது. சோழ நாட்டில் விக்கிரமாதித்தன் முடிசூட்டி வைத்த ஒருவன் சில நாட்களில் வீழ்ந்தான் என்பது அவனுக்கு இழுக்கு. பழியைக் கலகக்காரர் மேலும் ராஜிகன் மேலும் போட்டால் இழுக்கு ஓரளவு மறையும்.

கலகத்தைக் குறிக்கப் பில்கணர் பயன்படுத்தும் தொடர் 'பிரகிருதி விரோதம்'. பொதுவாக இதைக் குடிமக்கள் கிளர்ச்சி என்று பெயர்க்கிறார்கள். ஆனால் வடமொழி அரசியல் நூல்களில் பிரகிருதி என்பது அமைச்சர், படை, கருவூலம் என அரசின் உறுப்புகளையும் குறிக்கும். தெருவில் திரண்ட மக்களா, அரண்மனைக்குள் திரும்பிய அதிகாரிகளா என்பதை அந்தச் சொல் ஒன்றை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள தூரமோ பெரிது. முதலாவது மக்களின் கோபம், இரண்டாவது அரண்மனைச் சதி.

நாட்டில் அமைதி குலைந்திருந்தது என்பதற்குத் தனிச் சான்று ஒன்றும் உண்டு. குலோத்துங்கனின் இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலத்தில் வலங்கை இடங்கைச் சாதிப் பிரிவினருக்குள் மூண்ட மோதலைச் சொல்கிறது. ஊர் தீக்கிரையானது, கோயில் இடிந்தது, கருவூலம் கொள்ளை போனது. பில்கணர் சொல்லும் கலகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக அந்தக் கல் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளின் நிலத்தடி வெப்பத்தை மட்டும் காட்டுகிறது.

வென்றவனின் அவை பேசாதது

சோழர் பக்கத்துச் சாட்சிகள் ஏறக்குறைய எல்லாமே குலோத்துங்கனின் அவையைச் சேர்ந்தவை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அவற்றில் முதன்மையானது. வடக்கே போர்மேல் சென்றிருந்த இளவரசன் குலோத்துங்கன். தெற்கே மன்னன் இறக்கிறான். மறை ஓதுவது நிற்கிறது, நெறி தவறுகிறது, கோயில் பூசை குலைகிறது. பிறகு அவன் வந்து எல்லாவற்றையும் சீர்செய்கிறான். இப்படிப் போகிறது பரணி. இறந்த மன்னனுக்கும் வந்த மன்னனுக்கும் இடையில் இன்னொருவன் இருந்த சுவடே இல்லை. ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழன் உலாவில் மட்டும், வீரராஜேந்திரனுக்குப் பின் நாட்டைக் காத்த ஒருவனுக்குப் பெயர் சொல்லாத சிறு குறிப்பு கிடைக்கிறது.

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியும் நுட்பமானது. காவிரியை ஆடையாக உடுத்த நிலமகளின் 'தனிமை'யை அவன் நீக்கினான் என்கிறது. மன்னனில்லாத நாட்டுக்கு அவன் துணையாக வந்தான், யாரையும் தள்ளிவிட்டு வரவில்லை என்ற பொருளை அந்த ஒரு சொல் ஏற்றுக்கொண்டு நிற்கிறது. வேங்கிக் கிளையின் செப்பேடுகளும் அவன் முதலில் வேங்கியிலும் பிறகு சோழ நாட்டிலும் முடிசூடியதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகின்றன.

குழந்தைப் பருவத்திலேயே குலோத்துங்கன் சோழர் குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டான் என்ற கருத்தும் பரணியிலிருந்தே பிறந்தது. பிறந்த குழந்தையைப் பாட்டி, அதாவது ராஜேந்திரனின் தேவி, கையிலேந்தி நம் குலத்துக்கு ஏற்ற பிள்ளை என்று மகிழ்ந்தாள் என வரும் காட்சியை அதற்கு ஆதாரமாக்கினார்கள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை ஏற்கவில்லை. தத்துப்பிள்ளை என்றால் ராஜேந்திரனுக்குப் பிறகு மூன்று மன்னர்களும் பின்னர் அதிராஜேந்திரனும் ஏன் அரியணை ஏறினார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை. பேரப்பிள்ளையைப் பார்த்துப் பூரித்த பாட்டியின் பேச்சை வாரிசுரிமைப் பத்திரமாக்குவது அதிகம்தான்.

இங்கே போதிய கவனம் பெறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். வீரராஜேந்திரன் ராஜகேசரி. அதிராஜேந்திரன் பரகேசரி. குலோத்துங்கன் மீண்டும் ராஜகேசரி. நடுவில் ஒரு பரகேசரி இருந்ததை ஒப்புக்கொண்டால்தான் குலோத்துங்கனின் பட்டம் வரிசையில் அமையும். புலவர் பாட்டில் விழுங்கப்பட்டவன் அரசாங்க எண்ணிக்கையில் விடுபடவில்லை. அவையின் மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகப் படிப்பவர்கள் இந்தப் பட்டத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

கொலை என்ற ஐயம்

குலோத்துங்கனைச் சுட்டும் விரல்கள் எங்கிருந்து வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கீழைச் சாளுக்கியரின் கால வரிசையை ஆராய்ந்த ஃபிளீட், பில்கணரின் கதையைப் பெரிதும் நம்பி, வேங்கியிலிருந்து வந்து அரியணையைப் பறித்தவனாகக் குலோத்துங்கனைக் காட்டினார். பின்னால் வந்த சிலர் 'பறித்தவன்' என்பதிலிருந்து 'கொன்றவன்' என்பதற்கு ஒரே அடியில் தாவினர்.

நோக்கம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. குலோத்துங்கனின் தந்தை ராஜராஜ நரேந்திரன் 1061இல் இறந்தபின் வேங்கி அரசு மகனுக்கு வரவில்லை. சிற்றப்பன் விஜயாதித்தன் கைக்குப் போனது. வீரராஜேந்திரனும் விஜயாதித்தனையே தாங்கிப் பிடித்தான். தந்தை நாட்டை இழந்த இளைஞனுக்குத் தாய்மாமன் மேல் மனக்கசப்பு இருந்திருக்கலாம். உறவு முறையோ நெருக்கமானது. குலோத்துங்கனின் தாய் அம்மங்கை வீரராஜேந்திரனின் உடன்பிறந்தவள். ஆக அதிராஜேந்திரனுக்கு அவன் அத்தை மகன். இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்து மருமகனும் ஆனவன்.

நோக்கமும் ஆதாயமும் இருந்தாலே கொலை ஆகிவிடாது. பில்கணர் குலோத்துங்கனின் பகைவன் வீட்டுப் புலவர். குலோத்துங்கன் மேல் கொலைப்பழி சுமத்த அவரைவிட ஆர்வமுள்ளவர் இருந்திருக்க முடியாது. அவரே கலகத்தில் இறந்தான், அதன்பின் ராஜிகன் வந்தான் என்றுதான் சொல்கிறார். ராஜிகன் கொன்றான் என்று சொல்லவில்லை. எதிரியின் வாயிலிருந்தே வராத குற்றச்சாட்டை இன்று எழுதுபவர்கள் துணிந்து எழுதுவது வருத்தத்துக்குரியது. நீலகண்ட சாஸ்திரியும் ஐயத்தை எடுத்துப் பேசினாரே தவிர, தீர்ப்பு எழுதவில்லை.

கிருமிகண்டன் கதை

வைணவ குருபரம்பரை நூல்கள் ஒரு சோழனைக் கிருமிகண்ட சோழன் என்று அழைக்கின்றன. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று கையெழுத்திடச் சொல்லி ராமானுஜரைத் தேடினான். அவருக்குப் பதிலாகச் சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். ராமானுஜர் மேல்நாட்டுக்கு, இன்றைய கர்நாடகத்துக்கு, போக நேர்ந்தது. சோழன் கழுத்தில் புண் வைத்துப் புழுத்து இறந்தான் என்பது கதை. அந்தச் சோழன் யார்? முதலாம் குலோத்துங்கன் என்போர் உண்டு. தில்லைக் கோவிந்தராசர் திருமேனி அகற்றப்பட்டதை வைத்து இரண்டாம் குலோத்துங்கன் என்போர் உண்டு. இளம் வயதில் இறந்த அதிராஜேந்திரனே என்று எண்ணியவர்களும் உண்டு. நோயும் கலகமும் மரபின் முடிவும் ஒரே இடத்தில் பொருந்துவதால், இந்தக் கடைசி எண்ணத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது.

காலம்தான் ஒத்துவரவில்லை. ராமானுஜர் ஓய்சள நாட்டில் இருந்த காலமாக மரபு காட்டுவது பதினோராம் நூற்றாண்டின் இறுதியும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கமும். அதிராஜேந்திரன் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அவன் குடும்பம் சமயப் பகை கொண்டது என்பதற்கும் ஆதாரம் தென்படவில்லை. வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று செங்கல்பட்டுப் பக்கத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு வைத்தியர், பணியாளர், மருந்து வகைகள் எனக் கோயில் வருவாயிலிருந்து ஒதுக்கியதை அது சொல்கிறது. அந்த மருத்துவமனையின் பெயர் வீரசோழன். பௌத்தரான புத்தமித்திரர் தம் இலக்கண நூலுக்கு வீரசோழியம் என்று பெயரிட்டதும் அதே மன்னனைச் சிறப்பித்துத்தான்.

மகன் தந்தையைப் போல இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சில மாதத் தனியாட்சியில் நாடு கொதித்தெழும் அளவுக்குச் சமயக் கொடுமை நடந்தது என்று சொல்ல, பிற்கால மரபுக் கதையைவிட வலுவான சான்று வேண்டும்.

நோய் என்ற விடை

தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் வேறு வழியில் போனார். காவியத்தையும் கதைகளையும் ஒதுக்கிவிட்டுக் கோயில் சுவரைப் படித்தார். கும்பகோணம் வட்டாரத்துச் சிவன் கோயில் ஒன்றில், அதிராஜேந்திரனின் மூன்றாம் ஆண்டில், மன்னன் நோய் நீங்கி நலம்பெற வேண்டித் திருப்பதிகம் ஓத ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டுக் குறிக்கிறது. அந்த நோயிலிருந்து அவன் மீளவில்லை, நோயால் இறந்தான், வாரிசு இல்லாத நாட்டைக் குலோத்துங்கன் ஏற்றான் என்பது அவர் முடிவு.

இந்த விடைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அவன் முடிவுக்கு விடையாகக் காட்டப்படும் சாட்சிகளில், அதிராஜேந்திரன் உயிரோடிருந்த நாளிலேயே எழுதப்பட்டது இது ஒன்றுதான். யாரையும் புகழவோ பழிக்கவோ அது வெட்டப்படவில்லை. மன்னன் படுத்திருக்கிறான், ஊரார் கோயிலில் பதிகம் பாட வைக்கிறார்கள். கொடுங்கோலன் மேல் கொதித்தெழுந்த குடிகளின் குரல் அந்தக் கல்லில் கேட்கவில்லை.

ஆனால் நோய்வாய்ப்பட்டான் என்பதற்குக் கல் சான்று. நோயால்தான் இறந்தான் என்பதற்கு அல்ல. பிழைத்தெழுந்தும் இருக்கலாம். அல்லது, மன்னன் படுக்கையில் கிடந்ததே கலகக்காரர்களுக்கு வாய்ப்பாகியிருக்கலாம். நோயும் கலகமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இருவேறு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டவர்கள் இந்த மூன்றாவது வழியைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

அந்த ஆண்டுகளில் குலோத்துங்கன் எங்கே?

கொலை ஐயத்தைத் தீர்க்க உதவக்கூடியது இந்தக் கேள்வி. மலேசிய வாசகர்களுக்கு நெருக்கமானதும் இதுதான். இளவரசனாக இருந்தபோதே வயிராகரத்தில் யானைகளைப் பிடித்ததையும் சக்கரக்கோட்டத்தை வென்றதையும் அவன் மெய்க்கீர்த்தி பாடுகிறது. இரண்டும் இன்றைய மகாராட்டிர, சத்தீசுகர் காட்டுப் பகுதிகள். ஆகவே 1060களில் அவன் அங்கே இருந்தான் என்பது பெரும்பாலோர் கருத்து.

கடாரத்துக்கும் அவன் போயிருந்தான் என்பது இன்னொரு கருத்து. அடைக்கலம் தேடி வந்த மன்னன் ஒருவனுக்காகக் கடாரத்தை வென்று, அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக வீரராஜேந்திரனின் ஏழாம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் படையோடு இளவரசனும் கடல் கடந்தான் என்று ஊகிக்கிறார்கள். சாண்டில்யனின் 'கடல் புறா' இந்த ஊகத்தின் மேல்தான் பாய் விரித்தது. தமிழகத்தைப் போலவே இங்கும் பலருக்கு அந்த வரலாறு அந்த நாவலின் வழியாகவே அறிமுகம். நாவலில் இளவரசனுக்கு வைத்த அநபாயன் என்ற பெயர், கல்வெட்டுகளிலும் பெரியபுராணத்திலும் இரண்டாம் குலோத்துங்கனுக்கு உரியது என்பதை மட்டும் நினைவில் வைப்பது நல்லது.

சீன ஆவணங்கள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சுங் பேரரசரின் அவைக்குச் சென்றது. பதிலுக்கு 81,800 சரம் செப்புக்காசு பெற்றது. அந்த ஆவணம் சோழ மன்னனுக்குத் தரும் பெயர் திஹுவாஜியாலுவோ. 1079ஆம் ஆண்டுக் குவாங்சோ கல்வெட்டிலோ கிட்டத்தட்ட அதே பெயர் சிறீவிஜயத்தின் தலைவனுக்கு வருகிறது. 1067இல் சிறீவிஜயத்திலிருந்து சீனா வந்த தூதனின் பெயரும் அதுவே. 'தேவ குலோத்துங்க' என்பதன் சீன உச்சரிப்பே இது, எல்லாம் ஒரே ஆள்தான் என்று 1964இல் சிங்கப்பூர் அறிஞர் தான் இயோக் சியோங் வாதிட்டார். தான்சென் சென் போன்ற வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. சோழ நாடு தங்களுக்குக் கீழ்ப்பட்டது என்று சீன அவையை நம்பவைக்கச் சிறீவிஜயத்தார் முயன்றதன் விளைவாக இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறார்கள்.

தான் இயோக் சியோங் சொன்னது சரியென்றால், 1060களின் பிற்பகுதியில் குலோத்துங்கனின் கவனம் மலாய்த் தீபகற்பத்துக் கடல்மேல் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனைச் சதிக்கு அவன் வெகு தொலைவில் இருந்தான். ஆனால் குலோத்துங்கன் என்ற பெயரையே அவன் பட்டமேறிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பயன்படுத்துகிறான். அதற்கு முன் ராஜேந்திரன் என்றே கல்வெட்டுகளில் நிற்கிறான். 1067ஆம் ஆண்டுத் தூதனுக்கு அந்தப் பெயரைப் பொருத்துவது இதனாலேயே கடினமாகிறது.

மலாக்காவுக்கு வந்த தேடல்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சீனப் பேரரசரின் கதை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மிங் மரபின் இரண்டாவது பேரரசர் ஜியான்வென், தாத்தா ஹோங்வூ இறந்ததும் 1398இல் பட்டத்துக்கு வந்தார். சிற்றப்பன் சூ தி படையெடுத்து 1402 ஜூலையில் நான்ஜிங்கைப் பிடித்தார். அரண்மனை எரிந்தது. பேரரசர் தீயில் மாண்டார் என்று புதிய ஆட்சி அறிவித்தது. துறவி வேடத்தில் தப்பினார் என்று மக்கள் நம்பினார்கள். சூ தி, யோங்லே என்ற பெயரில் முடிசூடினார். ஜியான்வென் ஆட்சியாண்டுகளையே கணக்கிலிருந்து நீக்கி, இறந்துபோன தாத்தாவின் ஆட்சி 35ஆம் ஆண்டு வரை ஓடியதாக எழுத வைத்தார். அந்த ஆண்டுகள் திரும்பக் கணக்கில் ஏறியது 1595இல், வான்லி பேரரசர் காலத்தில்.

காணாமல்போன பேரரசரைத் தேடுவதும் யோங்லேயின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கடற்பயணங்களின் நோக்கங்களில் ஒன்று என்று மிங் வரலாறு சொல்கிறது. அந்தக் கப்பல்கள் கிடங்கு அமைத்துத் தங்கிய மலாக்கா, தம்பினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். இன்றைய ஆய்வாளர் பலர், ஒருவரைத் தேட அத்தனை பெரிய கப்பற்படை எதற்கு என்று கேட்கிறார்கள். 1409 தேதியிட்டுச் செங் ஹோ இலங்கையின் காலிக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்குப் பேரரசர் தந்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தேடலைப் பற்றி மூன்று மொழியிலும் ஒரு சொல் இல்லை.

இரு கதைகளின் வேறுபாடு கவனிக்கத்தக்கது. யோங்லே, முன்னவரின் ஆண்டுகளை அழித்தார். குலோத்துங்கன் ஆட்சியில் அதிராஜேந்திரனின் பெயரும் ஆண்டும் திருவல்லத்திலும் பிற கோயில்களிலும் வெட்டியபடியே நின்றன. பட்ட வரிசையிலும் அவனுக்கு இடம் இருந்தது. அழிக்க வேண்டிய தேவை இருந்த அவையின் நடத்தையாக இது தெரியவில்லை. இதை நிரபராதத்துக்கான சான்றாக நீட்டவும் கூடாது. கோயில் கல்வெட்டு கோயிலின் சொத்துப் பத்திரம். அதைச் சிதைத்தால் மன்னனின் பெயரோடு கோயிலின் நிலமும் போய்விடும்.

தம்பினின் சொந்த வரலாற்றிலும் இந்தச் சாயல் உண்டு. 1830களின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலானின் யாங் டி பெர்துவான் பெசாராகத் தன்னை அறிவித்துக்கொண்ட ராஜா அலி, மருமகன் சைட் ஷாபானோடு ரெம்பாவிலிருந்து விரட்டப்பட்டுத் தம்பினில் ஒதுங்கினார். தம்பின் தனி ஆட்சிப் பகுதியானதன் தொடக்கம் அதுதான். மருமகனின் வாள்பலத்தில் நின்ற அரியணைகள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்குக் கங்கைகொண்ட சோழபுரமும் ரெம்பாவும் ஒரே மாதிரி விடை சொல்கின்றன.

எஞ்சி நிற்பவை

இன்றைய நிலையில் எதை எவ்வளவு நம்பலாம்? சமயக் கொடுமை பற்றிய விடை காலக் கணக்கிலேயே தளர்ந்துவிடுகிறது. தத்துப்பிள்ளை வாதம் ஒரு பாட்டியின் மகிழ்ச்சியை மட்டும் நம்பி நிற்கிறது. குலோத்துங்கன் கொன்றான் என்பதற்கு எதிரியின் அவையிலிருந்துகூடச் சாட்சி கிடைக்கவில்லை. அவன் கை அறவே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. நோயும் கலகமும் மட்டுமே தாங்கி நிற்கும் விடைகள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது: தந்தை இறந்ததால் வலுவிழந்த அரியணை, மைத்துனனின் அந்நியப் படை வந்து போனதில் எழுந்த கசப்பு, நோயில் படுத்த இளைஞன், அந்த நேரம் பார்த்து மூண்ட கலகம்.

அப்படியானால் கலகம் செய்தவர்கள் யார்? சாளுக்கிய மருமகனின் தலையீட்டை வெறுத்த சோழ அதிகாரிகளா, வலங்கை இடங்கைப் பூசலில் சிக்கிய ஊரார்களா, வேங்கி இளவரசனுக்கு முன்பே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களா? குலோத்துங்கனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகள் பல தொண்டை மண்டலத்திலும் அதற்கு வடக்கிலும் கிடைக்கின்றன. காவிரி நாடு அவனை எப்போது முழுமையாக ஏற்றது என்பதை ஆண்டுவாரியாக, ஊர்வாரியாக வரைந்து பார்த்தால் கலகத்தின் புவியியல் கொஞ்சம் துலங்கலாம்.

இன்னொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. அதிராஜேந்திரனின் ஆட்சியாண்டு எந்த நாளில் தொடங்கியது என்பதில் இன்னும் சில மாதங்கள் முன்பின் ஊசலாட்டம் உண்டு. பதிகம் ஓதச் சொன்ன அந்த மூன்றாம் ஆண்டுக் கல்வெட்டு, 1070 ஜூன் 9க்கு எத்தனை நாள் முந்தியது என்பது அந்த நாளைப் பொறுத்தது. இடைவெளி ஓரிரு வாரம் என்று வந்தால் பண்டாரத்தார் பக்கம் தட்டு தாழும். மூன்று நான்கு மாதம் என்று வந்தால், படைகொண்டு வந்த விக்கிரமாதித்தனும், ஒரு மாதத் தங்கலும், அவன் திரும்பியபின் எழுந்த கலகமும் அந்த இடைவெளிக்குள் தாராளமாக அடங்கிவிடும்.